எச்.ஐ.வி.யால் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும் ஆண்கள் ஏன் ஆணுறையைத் தவிர்த்தார்கள்? பிறகு எப்படி மாறினார்கள்?

தாய்லாந்தைப் பாருங்கள். 1989-இல் அங்கே பாலியல் தொழில் விடுதிகளில் ஆணுறைப் பயன்பாடு சுமார் 14 சதவீதம்தான். எச்.ஐ.வி. தொற்றினாலும் நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். கூலிவேலையிலும் லாரியிலும் அலுத்து வருபவருக்கு அவ்வளவு தூரத்து ஆபத்து உறைப்பதில்லை. அதைவிடப் பெரிய தடை, விடுதிப் பெண்களின் பிழைப்பு: ஆணுறையை வற்புறுத்தினால் வாடிக்கையாளரை இழப்பார்கள். தெருவில் ஒரு கடைக்காரர் மட்டும் ‘கடன் கிடையாது’ என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். எல்லாக் கடைக்காரர்களும் சேர்ந்து சொன்னால் எங்கே போவார்? ராட்சபுரி மாகாணத்தில் 1989-இல் தொடங்கிய திட்டம் இதையே செய்தது: ஆணுறை அணியாதவருக்கு எந்த விடுதியிலும் இடமில்லை. 1991-இல் அது நாடு முழுவதற்குமான கொள்கையானது. சில ஆண்டுகளில் பயன்பாடு 90 சதவீதத்தைத் தாண்டியது.

அச்சத்துக்குப் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. வானொலி, தொலைக்காட்சிப் பிரசாரத்தோடு விடுதிக்குப் போகும் ஆண்களின் எண்ணிக்கையும் குறைந்தது. ஆனாலும் போனவர்களிடம் ‘முடியாது’ என்று சொல்லும் பலத்தை அந்தப் பெண்களுக்குத் தந்தது பொது விதிதான் என்பேன். அது எட்டாத இடம் வீடு. கணவனிடம் ஆணுறை கேட்க முடியாத மனைவியருக்குத் தொற்று பரவிக்கொண்டே இருந்தது.