மகன் சொன்ன ‘வேண்டாம்’

31 வருஷம் வங்கியில் காசாளராக உட்கார்ந்திருந்தவன் நான். காசு கைக்கு வந்தால் கண்ணுக்கு முன்னால் விரல் எடை பார்த்துவிடும். ஓய்வுபெற்ற வருஷம் சென்னை நாணயக் கண்காட்சியில் ஒரு ஜெர்மன் வெள்ளிக்காசு வாங்கினேன். 1862இல் பெர்லினில் அடித்தது. நகைத் தராசில் வைத்தால் 18.5 கிராமுக்கு மயிரிழை குறைவு. ஒரு பக்கம் பிரஷ்ய மன்னர் வில்ஹெல்மின் முகம். மறுபக்கம் கழுகு, அதைச் சுற்றி ‘ஒரு ஃபெரைன்ஸ்தாலர், 30 சேர்ந்தால் ஒரு பவுண்டு சுத்த வெள்ளி’ என்ற பொருளில் எழுத்து. ஃபெரைன் என்றால் சங்கம். சங்கத்துக் காசு.

அன்றைக்கு ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. 1815இல் அமைந்த தளர்வான கூட்டமைப்பில் ஏறக்குறைய 39 அரசுகள். ஒவ்வொன்றுக்கும் தன் எல்லை, தன் தீர்வை, தன் காசு. 1834 ஜனவரி 1 அன்று அவற்றில் பல சேர்ந்து சுங்கச் சங்கம் தொடங்கின. அன்று நள்ளிரவில் எல்லைச் சாவடிகளில் சரக்கு வண்டிகள் வரிசைகட்டி நின்றன. தடுப்புக்கட்டை உயர்ந்ததும் நகரத் தொடங்கின. மறு வருஷம் டிசம்பரில் நியூரெம்பெர்க்குக்கும் ஃபூர்த்துக்கும் இடையே முதல் ரயில். 1857இல் ஆஸ்திரியாவும் சேர்ந்து வியன்னாவில் நாணய ஒப்பந்தம் செய்துகொண்டது: ஒரு தாலர் என்றால் தெற்கே ஒன்றேமுக்கால் குல்டன், ஆஸ்திரியாவில் ஒன்றரை. என் காசு அதன் பிள்ளை. 1861இல் பொது வணிகச் சட்டமும் வந்தது. இவற்றில் எதற்காகவும் ஒரு அரசு இன்னொன்றின் மீது படையெடுக்கவில்லை.

அப்படியானால் ஜெர்மனி ஒரே நாடாவதற்குப் போர்கள் ஏன் வந்தன? என் பதில் அந்த 1862ஆம் வருஷத்தின் செப்டம்பர் மாதத்தில் இருக்கிறது.

படைச் செலவுக்காக வில்ஹெல்முக்கும் பிரஷ்ய நாடாளுமன்றத்துக்கும் தகராறு. கட்டாயப் படைச்சேவை மூன்று வருஷம் என்றார் மன்னர். இரண்டு போதும் என்றது அவை. 65 வயது மனிதர் மனம் வெறுத்து, முடிதுறக்கிறேன் என்று ஒரு தாளில் எழுதிவிட்டார். கையெழுத்துதான் பாக்கி. பட்டத்து இளவரசர் பிரடெரிக்கை வரவழைத்துச் சொன்னார். பிரடெரிக்குக்கு வயது 30, தாராளவாதி, இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணிக்கு மருமகன். அவருடைய மனைவி, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதினார். ஆனால் அவை நெருக்கி ஒரு மன்னரை இறக்கியது என்ற முன்னுதாரணம் வந்துவிடுமே என்று அஞ்சி, மகன் ‘வேண்டாம்’ என்றார். செப்டம்பர் 22 அன்று பாபெல்ஸ்பெர்க் மாளிகைக்கு பிரஷ்ய அரசியல்வாதி பிஸ்மார்க் வந்தார். அவையை மீறி நான் ஆட்சி நடத்துகிறேன் என்றார். தாள் கையெழுத்தாகவே இல்லை. எட்டே நாளில் அதே பிஸ்மார்க், காலத்தின் பெரிய கேள்விகளை இரும்பும் ரத்தமுமே தீர்க்கும் என்று பேசினார்.

பிரடெரிக் ‘சரி’ என்றிருந்தால்? நான் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்த கேள்வி இது. படைச்சேவை இரண்டு வருஷம் என்று சமரசமாகியிருக்கும். 1863 ஆகஸ்டில் ஆஸ்திரியப் பேரரசர் ஜெர்மன் மன்னர்களை எல்லாம் பிராங்ஃபர்ட்டுக்கு அழைத்தார். வில்ஹெல்ம் போகாமல் பிஸ்மார்க் தடுத்தார், மாநாடு பிசுபிசுத்தது. பிரடெரிக் போயிருப்பார். அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்திரியாவுக்கா பிரஷ்யாவுக்கா முதலிடம் என்பது ஒரு மாநாட்டில் தீரும் பங்காளிச் சண்டை அல்ல. ஆனால் சுங்க ஒப்பந்தத்தை 12 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். 1853, 1865, அடுத்து 1877. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பேரம் நடக்கும். ஒருமுறை ஒவ்வொரு அரசுக்கும் இருந்த மறுப்புரிமை போகும், இன்னொரு முறை மக்கள் தேர்ந்தெடுக்கும் சுங்க நாடாளுமன்றம் வரும், பிறகு அந்த அவையே மெல்ல மெல்ல மற்ற விஷயங்களையும் கையில் எடுக்கும். நான் காணும் ஜெர்மனி 1890 வாக்கில்தான் உருவாகிறது. பவேரியாவும் ஹானோவரும் தத்தம் மன்னர்களோடு அதற்குள் இருக்கின்றன.

இதில் இரண்டு இடங்கள் இடிக்கின்றன. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலங்களுக்காக டென்மார்க்கோடு நடந்த 1864 போரை பிரடெரிக்கும் தவிர்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். அடுத்தது தெற்கு. 1868இல் உண்மையிலேயே சுங்க நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது, தெற்கே பிரஷ்யாவோடு சேர விரும்பாதவர்களே அதிகம் ஜெயித்தார்கள். ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் அவர்களைப் பிரஷ்யப் படை தோற்கடித்திருந்தது. காயம் ஆறுவதற்குள் கேட்டால் என்ன பதில் வரும்?

பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிய அந்த 1866 போரைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோனிக்கிரேட்ஸில் ஜூலை 3 அன்று 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மோதினார்கள். பவேரியாவும் சாக்சனியும் ஹானோவரும் பிரஷ்யாவுக்கு எதிரணி. அந்த வாரங்களிலும் சுங்க வசூல் நிற்கவில்லை. எதிரெதிரே நின்ற அரசுகளின் சாவடிகள் சங்கத்துக்காகத் தீர்வை வசூலித்துக்கொண்டே இருந்தன. கல்லாவில் உட்கார்ந்தவன் என்பதால், அந்தக் குமாஸ்தாக்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பிஸ்மார்க் இல்லாமல் ஜெர்மனி ஒட்டியிருக்காது என்பவர்களுக்கு நான் காட்டுவது அவர்களைத்தான்.

நடந்தது வேறு. 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையில், பிரஷ்யாவிடம் போரில் தோற்ற பிரான்சின் மண்ணிலேயே, பேரரசு அறிவிக்கப்பட்டது. பிரான்சின் அல்சாஸ் மாநிலத்தைப் பிடுங்கிக்கொண்டதால் மூண்ட பகை பிரெஞ்சுக்காரர்களுக்கு நாற்பது வருஷமாகியும் ஆறவில்லை. பிரடெரிக் 1888 மார்ச்சில்தான் அரியணை ஏறினார். தொண்டையில் புற்றுநோய், பேச முடியாத நிலை. 99 நாள் ஆண்டு இறந்துபோனார்.

அந்த 99 நாள் மன்னரின் முகத்தோடும் காசு அடித்தார்கள். 1888ஆம் வருஷத்து இரண்டு மார்க் ஒன்றைத் தேடி வாங்கி, ஆல்பத்தில் அப்பாவின் தாலருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சிறிய காசு, 11 கிராம். அதன் மறுபக்கத்திலும் கழுகுதான். ஃபெரைன் என்ற சொல் இல்லை. அந்த இடத்தில் ‘ஜெர்மன் பேரரசு’ என்றிருக்கிறது.