திரும்பி ஓடும் பெற்றோல்: பழைய வாகனங்களின் பெற்றோல் அழுத்தத்தைச் சரிசெய்வது எப்படி?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையிலான ஐந்து வருடங்களில் பலருக்கு இருந்த ஒரே வழி, கையிலிருந்த பழைய வாகனத்தைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதுதான். போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து மீளக் குடியேறிய குடும்பங்களுக்குப் பழைய வான் ஒன்று சொத்து மட்டுமல்ல, அன்றாட வருமானமும் அதுதான். ஆகவே, அந்த வாகனங்களில் அடிக்கடி பிழையாகக் கையாளப்படும் ஒரு சிறிய குழாயைப் பற்றி எழுதுகிறேன்: காபரேற்றருக்குப் போகும் பெற்றோலில் மிஞ்சியதைத் தாங்கிக்கே திருப்பி அனுப்பும் குழாய்.

அழுத்தம் ஏன் முக்கியம்?

காபரேற்றருக்குள் சிறிய கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதில் மிதக்கும் மிதவை, பெற்றோல் போதிய அளவு வந்ததும் மேலெழுந்து ஊசி வால்வை மூடிவிடும். பம் தள்ளும் விசையை அந்தச் சிறிய ஊசி தாங்கிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான காபரேற்றர் கார்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 3 முதல் 5 இறாத்தல் வரையான அழுத்தம் போதும். சிலவற்றுக்கு அதற்கும் குறைவு. சரியான அளவு அந்தந்த வாகனத்தின் கைநூலில் இருக்கும்.

அழுத்தம் கூடினால் ஊசி மூடாது. கிண்ணம் நிரம்பி வழியும், கறுப்புப் புகை வரும், பெற்றோல் இஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். சூடான இஞ்சினின் மேல் பெற்றோல் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். அழுத்தம் குறைந்தால், ஏற்றத்திலோ பாரம் ஏற்றி வேகமாக ஓடும்போதோ கிண்ணம் வற்றி வாகனம் திக்கித் திணறும்.

மோட்டார் சைக்கிளில் இந்தப் பிரச்சினை அரிது. அதில் தாங்கி மேலே இருப்பதால் பெற்றோல் தானாக இறங்குகிறது. 1 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் பெற்றோலின் அழுத்தம் ஏறத்தாழ 1 இறாத்தல்தான்.

திரும்பும் குழாயின் வேலை

1970கள், 80களின் ஜப்பானியக் கார்கள் பலவற்றின் பம்மில் மூன்று வாய்கள் உண்டு. ஒன்று தாங்கியிலிருந்து வருவது, மற்றது காபரேற்றருக்குப் போவது, மூன்றாவது தாங்கிக்குத் திரும்புவது. மூன்றாவது வாயில் மிகச் சிறிய துளை இருக்கும். பம் கொடுப்பதில் இஞ்சினுக்குத் தேவையற்றது அந்தத் துளை வழியே திரும்பிவிடும்.

இதனால் மூன்று நன்மைகள். பெற்றோல் ஒரே இடத்தில் தேங்கிச் சூடாகாமல் ஓடிக்கொண்டிருக்கும். வெயிலில் குழாய்க்குள் உண்டாகும் ஆவி தாங்கிக்குப் போய்விடுவதால் ‘வேப்பர் லொக்’ குறையும். இஞ்சினை நிறுத்திய பின்னர் குழாயில் எஞ்சிய அழுத்தமும் மெல்ல இறங்கிவிடும்.

அழுத்தத்தைத் தீர்மானிப்பதிலும் அந்தத் துளைக்குப் பங்குண்டு. துளை சிறுத்தால் அழுத்தம் ஏறும், பெருத்தால் இறங்கும். துளையை 1 மில்லிமீற்றரிலிருந்து 1.4 ஆக்கினாலே அதன் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். 2 ஆக்கினால் நான்கு மடங்கு. துளைகருவியோடு ஆர்வப்பட்டவர்கள் பலர் இடறுவது இங்கேதான்.

மாற்றுவதற்கு முன்

கிளிநொச்சியில் பழைய கார் திருத்தும் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டபோது அவர் சொன்னது இது: “தம்பி, பம்மைக் குறை சொல்ல முதல் திரும்பிற குழாயை ஊதிப் பாருங்கோ.”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தக் குழாய் ஊத்தையால் அடைபட்டிருந்தாலோ நசிந்திருந்தாலோ அழுத்தம் தானாக ஏறும். அதைக் கழற்றி, தாங்கிப் பக்கமாக ஊதினால் காற்று தடையின்றிப் போக வேண்டும். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பற்றரி இணைப்பைக் கழற்றிவிட்டே இதைச் செய்ய வேண்டும். அடுத்து பில்டர், தாங்கி மூடியின் காற்றுத் துளை, மிதவையின் மட்டம், ஊசியின் தேய்வு ஆகியவற்றைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் இவற்றுக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

அதன் பிறகும் மாற்றம் தேவையென்றால், பம்மிற்கும் காபரேற்றருக்கும் இடையில் ‘ரி’ இணைப்பு ஒன்றைப் போட்டு அழுத்தமானியைப் பொருத்துங்கள். வெறும் ஓட்டத்திலும், வேகத்தைக் கூட்டியும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பம்மின் துளையைத் துளைக்க வேண்டாம். பெருத்த துளையைத் திரும்பச் சிறுப்பிக்க முடியாது. பம்மின் சொந்தத் துளையைவிடச் சிறிய துளையுள்ள பித்தளை ஜெற் ஒன்றைத் திரும்பும் குழாய்க்குள் வைத்து கிளிப்பால் இறுக்கினால் அழுத்தம் ஏறும். அதிகமாகிவிட்டால் கழற்றி வேறு ஜெற் வைக்கலாம். ஒவ்வொரு முறையும் சிறிதாக மாற்றி, மறுபடி அளந்து பாருங்கள். அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் காபரேற்றருக்கேற்ற, குறைந்த அழுத்தத்துக்கான ரெகுலேற்றரைப் பூட்டுவதே பாதுகாப்பானது.

செய்யவே கூடாதவை

திரும்பும் குழாயை ஆணியால் அடைத்துவிடுவது முதலாவது பிழை. கழித்த வாகனங்களிலிருந்து எடுத்த இன்ஜெக்சன் பம்மை காபரேற்றருக்குப் பூட்டுவது அதைவிட ஆபத்து. அவை சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் அளவுக்கு அழுத்தம் தருபவை. எந்த ஊசியும் தாங்காது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பிளாஸ்ரிக் ரியூப்பும் வேண்டாம். பெற்றோல் பட்டால் அது இறுகி வெடிக்கும்.

பழைய கைப்பழக்கம்

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நம்மவர்கள். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வாகனங்களும் அப்படித்தான் ஓடின. எரிபொருள் எங்கே ஆவியாகிறது, எங்கே ஆவியாக மறுக்கிறது என்பதை அவர்கள் கைப்பழக்கத்தில் கற்றார்கள். அன்று வேறு வழி இல்லாததால் ஆபத்தை ஏற்றுக்கொண்டார்கள். இன்று அழுத்தமானியும் சரியான குழாயும் கடையில் கிடைக்கின்றன. பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் வானில் அந்த ஆபத்தை இனியும் ஏற்க வேண்டியதில்லை.