66 சதவீதப் பாம்பு

அமெரிக்காவுல பாம்பு வளர்த்து விக்கிறவங்க மத்தியில அடிக்கடி நடக்கிற ஒரு பஞ்சாயத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். அந்தப் பஞ்சாயத்துக்கு நடுவுல ஒரு எண் உட்கார்ந்திருக்கு: 66.

பால் பைத்தான்னு ஒரு மலைப்பாம்பு. சொந்த ஊர் கானா, டோகோ, பெனின் மாதிரி ஆப்பிரிக்க நாடுகள். விஷம் கிடையாது. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அதான் அந்தப் பேர். இதுல நிறம், கோலம் மாறின வகைகளை 'மார்ஃப்'னு சொல்றாங்க. 1992-ல பாப் கிளார்க் அமெரிக்காவுல அல்பினோ பால் பைத்தானை இனப்பெருக்கம் செஞ்சு காட்டினார். அதுக்கப்புறம் மார்ஃப் வியாபாரம் சூடுபிடிச்சது.

அல்பினோ ஒரு ஒடுங்கு பண்பு. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த மாறின ஜீன் வந்தாத்தான் குட்டி மஞ்சளும் வெள்ளையுமா பொரியும். ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்தா, பாம்பு பார்க்க சாதாரணமா இருக்கும். ஜீனை மட்டும் உள்ள சுமந்துக்கிட்டிருக்கும். அதுக்குப் பேர் 'ஹெட்'.

ரெண்டு ஹெட்டைச் சேர்த்தா, சராசரியா நாலு குட்டியில ஒன்னு அல்பினோ. மிச்சம் மூணும் ஒரே மாதிரி இருக்கும். அதுல ரெண்டு ஹெட், ஒன்னு சாதா. எது எதுன்னு கண்ணால கண்டுபிடிக்க முடியாது. அதனால மூணையுமே '66% ஹெட்'னு சொல்லி விக்கிறாங்க.

இங்கதான் குழப்பம். பாதிக்கு மேல அல்பினோவா இருக்கிற பாம்புன்னு எதுவும் கிடையாது. ஒவ்வொரு பாம்புகிட்டயும் அந்த ஜீன் ஒன்னு இருக்கும், இல்லைனா இருக்காது. 66-ங்கிறது நமக்குத் தெரியாததோட அளவு. நாம காசு கொடுக்கிறது ஒரு லாட்டரிச் சீட்டுக்கு.

சரி, ஏமாந்தோமான்னு எப்போ தெரியும்? பெண் பாம்பு வளர்ந்து முட்டை போடவே சுமார் மூணு வருஷம் ஆகும். ஒரு ஈட்டுல ஆறு முட்டைனு வைங்க. அப்பா, அம்மா ரெண்டுமே நிஜமான ஹெட்டா இருந்தாலும், ஒரு அல்பினோகூட வராம போக 18% வாய்ப்பு இருக்கு. வாங்கினவர் "ஏமாத்திட்டீங்க"ம்பார், வித்தவர் "உங்க நேரம் சரியில்ல"ம்பார். ரெண்டு பேர்கிட்டயும் ஆதாரம் இருக்காது. போதாக்குறைக்கு, பெண் பாம்பு பழைய ஆணோட விந்தணுவை மாசக்கணக்குல சேமிச்சு வச்சுக்கும். அப்போ அப்பா யாருங்கிறதே தகராறு.

'100% ஹெட்'னாலும் இதே கதைதான். அப்பாவோ அம்மாவோ அல்பினோவா இருந்தா, பார்க்க சாதாரணமா இருக்கிற குட்டிங்க எல்லாமே ஹெட், அது உறுதி. ஆனா இந்தக் குட்டி அந்த ஜோடியோடதுதான்ங்கிறதுக்கு விக்கிறவர் வாக்குதான் சாட்சி.

இதை மாத்தினது பாம்பு உரிச்ச சட்டை! ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்ப்பாளர்கள் அனுப்பின சட்டைகள்ல இருந்து டிஎன்ஏ எடுத்து, அல்பினோவுக்குக் காரணமான ஜீன் மாற்றங்களை 2022-ல வெளியிட்டாங்க. இப்போ அமெரிக்காவுல காசு கட்டி இந்தப் பரிசோதனையைச் செஞ்சுக்கலாம். குட்டி பொரிஞ்சு ஒன்னு ரெண்டு வாரத்துல முதல் சட்டையை உரிச்சிடும். மூணு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லா மார்ஃபுக்கும் இன்னும் பரிசோதனை வரல. ஆனா இருக்கிற மார்ஃபுக்கு நான் சொல்றது ஒன்னுதான்: காசைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி சட்டையைக் கேளுங்க!