வாங் கன்சாங்: கருத்தும் கருவியும்

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் தனிமனித மேதாவிலாசத்தின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. கருத்தொன்று கண்டுபிடிப்பாக மலர்வதற்குக் கருவியும் நிறுவனமும் இன்றியமையாதவை என்பது அவ்வெழுத்துக்களில் மறைந்துவிடுகின்றது. சீன அணுக்கருப் பௌதிகவியலாளர் வாங் கன்சாங்கின் (1907–1998) வாழ்க்கை இவ்வுண்மையைப் புலப்படுத்துவதாகும்.

சியாங்சு மாகாணத்திற் பிறந்த வாங், 1929 இல் சிங்குவா பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, 1930 இல் பேர்லின் சென்று லீசே மைற்னரின் மாணவரானார். பெரிலியத்திலிருந்து வெளிப்பட்ட, ஊடுருவும் ஆற்றல்மிக்க கதிர்களை முகிலறை கொண்டு ஆராயலாம் என அவர் கூறிய யோசனை ஏற்கப்படவில்லை. 1932 இல் அக்கதிர்களை ஆராய்ந்த பிரித்தானியரான சட்விக் நியூத்திரனைக் கண்டறிந்தார்.

1934 இல் வாங் நாடு திரும்பினார். 1937 இல் யப்பானியப் படையெடுப்பு விரிவடைந்தபோது, அவர் கற்பித்த செசியாங் பல்கலைக்கழகம் உள்நாட்டை நோக்கி இடம்பெயர்ந்து, ஈற்றில் குய்சோ மாகாணத்தை அடைந்தது. பரிசோதனைக்கு வேண்டிய வசதிகள் அங்கிருக்கவில்லை. அந்நிலையில் அவர் எழுதிய சிறு கட்டுரை, நியூத்திரினோவின் இருப்பை நிறுவ வழி கூறிற்று. சாதாரண பீற்றாத் தேய்வில் கரு, இலத்திரன், நியூத்திரினோ ஆகிய மூன்றும் சக்தியைப் பகிர்வதாற் கணிப்புச் சிக்கலாகின்றது. பெரிலியம்-7 இன் கரு உள்ளோட்டு இலத்திரனொன்றைக் கவருமாயின் இறுதியில் மிஞ்சுவன கருவும் நியூத்திரினோவுமே. எனவே கருவின் பின்னுதைப்பை அளந்து நியூத்திரினோவை உய்த்துணரலாம். 1942 இல் அக்கட்டுரை அமெரிக்காவில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அங்கு அலன் என்பவர் பரிசோதனையை நடத்திச் சாதகமான சான்று பெற்றார். கருத்து குய்சோவினது, கருவி அமெரிக்காவினது.

கருவி கிட்டியபோது நிகழ்ந்தது வேறு. 1956 முதல் 1960 வரை சோவியத் நாட்டின் டுப்னா ஆய்வு நிலையத்தில் வாங் ஒரு குழுவை வழிநடத்தினார். குமிழியறையில் எடுத்த ஏறத்தாழ 40,000 படங்களை ஆராய்ந்து, எதிர்-சிக்மா-மறைத் துணிக்கையை அக்குழு கண்டறிந்தது.

1960 இல் சோவியத் நிபுணர்கள் சீனாவை விட்டு வெளியேறினர். 1961 இல் அணுவாயுதப் பணிக்கு அழைக்கப்பட்ட வாங், 'வாங் ஜிங்' என்னும் புனைபெயரில் 17 ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தார். 1964 ஒக்டோபர் 16 இல் அணுகுண்டும், 1967 யூன் 17 இல் ஐதரசன் குண்டும் வெடித்துப் பரிசோதிக்கப்பட்டன.

வல்லரசுகளின் அணு ஏகபோகத்தை எதிர்நோக்கிய ஒரு நாட்டின் அச்சத்தை நாம் விளங்கிக்கொள்ளலாம். ஆயினும் அரசு கருவியை வழங்கியபோது விஞ்ஞானியின் பெயரையும், பகிரங்கமாக ஆய்வு வெளியிடும் உரிமையையும் விலையாகப் பெற்றுக்கொண்டது என்பதையும் மறத்தலாகாது. 1978 இல் அணுசக்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் பணிப்பாளரான வாங், அணுமின் உற்பத்திக்காகக் குரல்கொடுத்தார். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1999 இல் அரசு அவருக்குப் பதக்கம் வழங்கிற்று.

வறிய நாடுகளின் விஞ்ஞானிகளிடம் கருத்துக்குப் பஞ்சமில்லை. கருவியை யார், எதன் பொருட்டு வழங்குகின்றனர் என்பதே அவர்தம் ஆய்வின் திசையைத் தீர்மானிக்கின்றது.