கம்பனி நடிகரும் ஸ்பெஷல் நடிகரும்: தமிழ்த் திரைநடிகரின் தொழில்வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

தமிழ்த் திரைப்படம் பற்றி எழுதப்பெற்றவற்றுட் பெரும்பாலானவை நட்சத்திரங்களைப் பற்றியனவே. வசனம், ரசிகர் மன்றம், அரசியல் என்பன விரிவாகவே ஆராயப்பட்டுள்ளன. ஆயின் ஒரு படத்திலே நீதிபதியாகவும் மற்றொன்றிலே தபாற்காரராகவும் பிறிதொன்றிலே கதாநாயகியின் தந்தையாகவும் வந்துபோகும் நடிகர் யாரிடம் ஊதியம் பெற்றார், எத்தனை நாளைக்கு ஒருமுறை பெற்றார், முதுமையில் என்ன ஆனார் என்ற வினாக்கள் அதிகம் எழுப்பப்படவில்லை. நடிப்புக்கலை பற்றிய விசாரணையில் கூலி பற்றிய பேச்சு எதற்கு என்று கருதப்பட்டமையும் இதற்கொரு காரணமாகலாம். இவ்வினாக்களுக்கு விடைகாண முனைவோர் சினிமாவுக்கு முந்திய நாடக மேடையிலிருந்து தொடங்குதல் வேண்டும். அங்கு நிலவிய இருவகைத் தொழில்முறைகளே பின்னர் திரையிலும் தொலைக்காட்சியிலும் மாறிமாறித் தலைகாட்டியுள்ளன என்பது எமது கருத்து.

முதலாவது கம்பனி முறை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். வயதுவந்த நடிகரை ஒழுங்குக்குட் கொணர்வதிற் கண்ட இடர்ப்பாடே அவரைச் சிறுவரிடம் திருப்பிற்று என்பர். சிறுவருக்குக் கொடுக்கவேண்டிய சம்பளம் குறைவு என்பதும் மனங்கொளத்தக்கது. தி. க. சண்முகம் அச்சபையிற் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. கம்பனி வீட்டிலே உண்டு, உறங்கி, வாத்தியாரிடம் பாடமும் பாட்டும் பயின்று, கம்பனி ஊர்விட்டு ஊர் பெயரும்போது தாமும் பெயர்வதே இச்சிறுவரின் வாழ்வு. சிறு தொகையொன்று பெற்றோருக்குச் சென்றது. பயிற்சியும் உணவும் உறுதி. ஆனால் உடல் கம்பனிக்குரியது. அவ்வுடலில் ஏற்படும் இயல்பான மாற்றமே தொழிலுக்கு முடிவாகவும் அமையக்கூடும். குரல் உடையும் பருவத்தை நாடகத்தார் மகரக்கட்டு என வழங்கினர். நேற்றுவரை ஸ்திரீபார்ட்டாகக் கைதட்டல் பெற்ற சிறுவன் மகரக்கட்டு வந்ததும் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டான். சிலர் கம்பனியைவிட்டே விலக நேர்ந்தது. பதின்மூன்று பதினான்கு வயதில் 'ஓய்வு' பெறும் தொழில் வேறெதுவும் உண்டோ தெரியவில்லை.

இரண்டாவது ஸ்பெஷல் நாடக முறை. இதிலே நிலையான குழு இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரினர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரினர், பபூன் மற்றோர் ஊரினர். ஏஜண்டு மூலமாக ஒவ்வொருவரும் தனித்தனியே ஓர் இரவுக்குப் பேசப்பட்டு, அவ்விரவிலே மேடையிற் சந்திப்பர். வள்ளி திருமணம் போன்ற நாடகங்களின் பாடம் யாவருக்கும் மனப்பாடமாதலின் ஒத்திகை வேண்டப்படவில்லை. கம்பனி நடிகருக்குச் சோறு உண்டு, விலை இல்லை. ஸ்பெஷல் நடிகருக்கு விலை உண்டு, அடுத்த இரவுக்கு உத்தரவாதம் இல்லை. அவ்விலை எவ்வளவு உயரலாம் என்பதற்குக் கே. பி. சுந்தராம்பாள் சான்று. இலங்கை மேடைகளிலும் புகழ்பெற்ற அவ்வம்மையாருக்கு, 1935இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்துக்கென ஓர் இலட்சம் ரூபா அளிக்கப்பட்டது. அதே காலத்திற் கோடைக்காலத் திருவிழாக்கள் முடிந்தபின் மழைக்காலம் முழுவதையும் கடனிற் கழித்த ஸ்பெஷல் நடிகர் எத்தனையோ பேர்.

1931இல் காளிதாஸ் வெளிவந்ததைத் தொடர்ந்து சினிமா வளர்ந்தபோது அது முதலிற் பின்பற்றியது கம்பனி முறையையே. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நடத்திய மொடேர்ன் தியேட்டர்ஸ் இதற்குத் தக்க உதாரணமாகும். நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தயாரித்த அந்நிறுவனத்திலே நடிகரும் கலைஞரும் மாதச்சம்பளத்துக்குப் பணியாற்றினர். ஆலைத் தொழிலாளர் போலக் குறித்த நேரத்துக்கு வந்து சென்றனர். பாலர் கம்பனிகளில் வளர்ந்தோருக்கு இவ்வாழ்வு புதியதன்று. ஆனால் மேலேறுவது எளிதாயிருக்கவில்லை. எம். ஜி. இராமச்சந்திரன் 1936இல் சதிலீலாவதியிற் சிறு வேடமேற்றார். ராஜகுமாரியிற் கதாநாயகனானது 1947இல். இடைப்பட்ட பதினோர் ஆண்டுகளையும் அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் 'போராட்ட காலம்' என ஒரு சொல்லிற் கடந்துவிடுவர். உண்மையில் அப்பதினோர் ஆண்டுகளே பெரும்பாலான நடிகரின் முழு வாழ்வு. அவர்களுக்குப் பன்னிரண்டாவது ஆண்டு வரவில்லை.

1950களில் நிலைமை மாறியது. 1952இற் பராசக்தி வெளிவந்தது; நடிகர் சங்கம் நிறுவப்பட்டதும் அவ்வாண்டிலேயே. நட்சத்திரத்தின் பெயரைக்காட்டி விநியோகத்தரிடம் முன்பணம் பெற்றுப் படமெடுக்கும் சிறு தயாரிப்பாளர் பெருகினர். ஸ்டூடியோ மாதச்சம்பளம் கொடுப்பதைக் கைவிட்டு வாடகைக்கு விடப்படும் இடமாயிற்று. இப்போது நிலவும் கால்ஷீட் முறை இவ்வாறு வேரூன்றியது. கதாநாயகனின் கால்ஷீட்டே யாவற்றையும் நிர்ணயிக்க, துணை நடிகர் அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தார். கூட்டமாக நிற்போரை ஏஜண்டு திரட்டிவந்தார். அன்றைய கூலியும் பேட்டாவும் அவர் கைவழியே வந்தன. வேறு வார்த்தையிற் கூறின், கோடம்பாக்கம் ஸ்பெஷல் நாடகமாயிற்று. சேலத்துக் கட்டுப்பாட்டைச் சாடியோர் அதனுடன் மாதச்சம்பளமும் மறைந்ததைப் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இக்காலத்திற் சென்னைச் சபா நாடகம் புதிய வழியொன்றைத் திறந்தது. கே. பாலச்சந்தர் ஏ. ஜி. அலுவலகம் எனப்படும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்திற் பணிபுரிந்தவர். நாகேஷ் இரயில்வேயில் எழுதுவினைஞராயிருந்தவர். பகலில் அலுவலகம், மாலையில் ஒத்திகை என வாழ்ந்த இந்நடுத்தர வர்க்கத்தினருக்கு அலுவலகச் சம்பளமே காப்புறுதி. பாலர் கம்பனிச் சிறுவனுக்கு இல்லாத ஒன்று, அதாவது வாய்ப்பை மறுக்கும் உரிமை, இவர்களுக்கிருந்தது. (எமது நாட்டிலே மேடையிலும் வானொலியிலும் நடித்த தமிழர் பலரும் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருந்தவர்களே. ஆனால் சென்னையினரைப் போல அவ்வேலையை விட்டுவிட்டு முழுநேர நடிகராவதற்கு இங்கு ஒரு திரைத்தொழில் இருக்கவில்லை.)

துணைநடிகர் சிலரின் பெயர்களை ஈண்டு நோக்குதல் பயனுடையது. மேஜர் சந்திரகாந்த் நாடகத்தால் 'மேஜர்' சுந்தரராஜன். 1965இல் வெளிவந்த படத்தால் 'வெண்ணிற ஆடை' மூர்த்தி. 1980ஆம் ஆண்டுப் படத்தால் 'நிழல்கள்' ரவி. முதலில் கவனம்பெற்ற வேடமோ படமோ பெயரின் முன் அடைமொழியாகி வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடுகிறது. கதாநாயகருக்கு வழங்கும் பட்டங்கள் புகழ்ச்சியானவை. துணைநடிகரின் அடைமொழியோ தயாரிப்பு நிர்வாகி அவரை நினைவுகூர்வதற்கான முகவரி. டெல்லி கணேஷின் அடைமொழியில் அவரது பாதையே அடங்கியுள்ளது. 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையிற் பணியாற்றிய அவர், டெல்லியிலே தட்சிண பாரத நாடக சபையில் நடித்துப் பின் சென்னை வந்து, 1977இல் பட்டினப் பிரவேசம் மூலம் திரைக்கு வந்தார். 2024இல் மறையும்வரை நானூற்றுக்கு மேற்பட்ட படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். கதாநாயகனாகாமலே நடிப்பால் மட்டும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வாழமுடியும் என்பதற்கு இவரும், 1958 தொட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்த மனோரமாவும் சான்றாவர். ஆயின் இவர்கள் விதிவிலக்குகள்.

1977இற் பதினாறு வயதினிலே வெளிவந்ததன் பின்னர் கமரா கிராமங்களுக்குச் சென்றது. மேடைக்குரல் வேண்டப்படாததாயிற்று, ஊர்முகங்களே போதுமாயின. யதார்த்தத்தை வரவேற்ற விமர்சகர் பலர் (அவ்வரவேற்பு நியாயமானதே) அதனாற் பயிற்சிபெற்ற நாடக நடிகரின் சந்தை சுருங்கியதை எண்ணிப்பார்க்கவில்லை.

அச்சுருக்கத்தைத் தொலைக்காட்சி ஓரளவு ஈடுசெய்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியது; 1993இற் சன் தொலைக்காட்சி வந்தது. 1999இல் ஆரம்பித்த சித்தி போன்ற நெடுந்தொடர்கள் வாரத்தில் ஐந்து நாட்கள் ஒளிபரப்பாயின. மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இது கம்பனியின் மறுவருகை போலத் தோன்றும்: அதே வீடு, அதே குடும்பம், ஆண்டுக்கணக்கில் அதே வேடம். ஆனால் ஊதியம் நாட்கணக்கிலேயே வழங்கப்படுகிறது. எழுத்தாளர் ஒரு பாத்திரத்தைக் கொன்றால் அல்லது வெளிநாடு அனுப்பினால் ஒரு குடும்பத்தின் வருமானம் நின்றுவிடும். நடிகர் முரண்பட்டாலோ நோயுற்றாலோ 'இனி இவருக்குப் பதில் இவர்' என்ற வாசகம் திரையிற் சில கணம் தோன்றும், கதை தொடரும். பார்வையாளர் கேலிசெய்து பழகிய அவ்வாசகத்தைப் போலத் தொழிலுறவைத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. 2020 மார்ச்சிற் படப்பிடிப்புகள் நிறுத்தப்பட்டபோது, நாள்தோறும் வீடுகளிற் காணப்பட்ட முகங்களுக்குரியோர் சிலர் நிவாரண அரிசியை எதிர்பார்க்கும் நிலைக்குச் சில வாரங்களிலேயே வந்தனர். பழைய தொடர்களோ அக்காலத்தில் மறுஒளிபரப்பாகிக்கொண்டிருந்தன.

மறுஒளிபரப்பில் நடிகருக்குப் பங்குண்டா என்பதே இன்றைய முக்கிய வினா. அமெரிக்க நடிகர் 1960இல் வேலைநிறுத்தஞ் செய்து, திரைப்படங்கள் தொலைக்காட்சியில் மீளக் காட்டப்படும்போது பங்கு பெறும் உரிமையை வென்றனர்; 2023இல் 118 நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்தபோதும் இணையவழிக் காட்சிகளுக்கான பங்கு முக்கிய கோரிக்கைகளுள் ஒன்று. இந்தியாவிலே பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012இற் கொண்டுவரப்பட்ட திருத்தம், நிகழ்த்துநரின் நிகழ்ச்சி வணிகரீதியிற் பயன்படுத்தப்படின் அவர் உரிமத்தொகைக்கு உரித்துடையர் என்கிறது. ஆனால் நிகழ்த்துநர் யார் என வரையறுக்குமிடத்தில் அதே திருத்தம் ஒரு விலக்கையும் சேர்த்துள்ளது. ஒரு படத்திலே தற்செயலாகவோ இடைநிகழ்வாகவோ நடித்து, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியலில் இடம்பெறாதவர் நிகழ்த்துநராகக் கொள்ளப்படார். தமது நடிப்பு திரிக்கப்படுவதை எதிர்க்கும் உரிமை மட்டும் அவருக்கு விடப்பட்டுள்ளது. ஏஜண்டு திரட்டிவரும் துணைநடிகரின் பெயர் பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஸ்பெஷல் நாடக நோட்டீசுகளில் இன்றும் பபூனின் பெயரும் ஹார்மோனியக்காரரின் பெயரும் புகைப்படத்துடன் அச்சிடப்படுகின்றன.