மேகத்துக்கு மேலே மழையின் தடம்

‘துருவ ஒளி நம் ஊரில் தெரியாதா?’ என்று சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். தெரியாது. ஆனால், நம் தலைக்கு மேலேயும் இரவில் வானம் ஒளிர்கிறது. அதில் புற ஊதா ஒளியைத் தரையிலிருந்து பார்க்க வழியில்லை. வரும் வழியிலேயே ஆக்சிஜன் அதை உறிஞ்சிவிடும்.

1972 ஏப்ரலில், ஜார்ஜ் கராதர்ஸ் வடிவமைத்த புற ஊதா கேமராவை அப்போலோ 16 வீரர்கள் நிலவில் நிறுத்திப் பூமியைப் படமெடுத்தார்கள். பூமியின் இருண்ட பக்கத்தில் ஒளிப்பட்டைகள் விழுந்திருந்தன. காந்த நடுக்கோட்டின் மேல் பகலில் உயரே தள்ளப்படும் அயனிகள் வடக்கிலும் தெற்கிலும் சரிந்து இறங்கிக் குவிகின்றன. இரவில் ஆக்சிஜன் அயனி எலக்ட்ரானோடு சேரும்போது 135.6 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி பிறக்கிறது.

எனக்கு இதில் தீராத வியப்பு ஒன்று உண்டு. இமேஜ், டைம்ட் செயற்கைக்கோள்களின் பதிவுகளை ஆராய்ந்த தாமஸ் இம்மெல் குழுவினர், அந்தப் பட்டைகள் ஒரே சீராக இல்லை என்று 2006இல் காட்டினார்கள். உலகைச் சுற்றி நான்கு இடங்களில் அவை கூடுதலாக ஒளிர்ந்தன. மூன்று இடங்களுக்குக் கீழே அமேசான், காங்கோ, இந்தோனேசியா: ஓயாமல் இடிமழை பெய்யும் நிலங்கள். நான்காவது பசிபிக் கடல்.

மழைமேகம் 20 கிலோமீட்டரைக்கூடத் தாண்டாது. ஒளி பிறப்பதோ 300 கிலோமீட்டர் வாக்கில். மேகம் வெளிவிடும் வெப்பம் காற்றில் பேரலைகளை எழுப்புகிறது. அவை 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போய், அங்குள்ள மின்னோட்டத்தைக் குலைக்கின்றன. அயனிகளை உயரே தள்ளும் விசையும் அதனால் இடத்துக்கு இடம் மாறுகிறது. எங்கள் வீட்டில் கீழே கிரைண்டர் ஓடினால் மாடி அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும், அப்படித்தான் இதுவும்.

ஜிபிஎஸ் சமிக்ஞை இந்த அயனிகளின் ஊடே வந்துதான் கைபேசியைச் சேர்கிறது. அவை குவியும் இடத்தில் கணக்கு பிசகும். தெற்கே காந்த நடுக்கோட்டின் அருகிலேயே குடியிருக்கும் நாம் இதில் காட்டும் அக்கறை போதாது. அந்தக் கோட்டை வைத்துத்தான் 1963இல் தும்பாவில் ராக்கெட் தளமே அமைத்தோம்.

இந்தப் புற ஊதா ஒளியைப் படமெடுக்கும் தன் ‘கோல்ட்’ கருவியை 2018இல் நாசா எஸ்இஎஸ்-14 என்ற வணிகத் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளில் ஏற்றி அனுப்பியது. அமேசான் முகத்துவாரத்துக்கு மேல் நின்று அது அமெரிக்கக் கண்டங்களைப் பார்க்கிறது. நம் பக்கம் அதன் பார்வைக்கு எட்டாது. நான்கு டன்னுக்கும் மேலான அந்தச் செயற்கைக்கோளில் கோல்டின் எடை 40 கிலோகூட இல்லை. நாம் ஏவும் ஜிசாட் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களில் ஒன்றிலாவது இப்படியொரு கருவிக்காக அந்த 40 கிலோவுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.