ஹிட்லரின் டைரி... நிஜமா, டூப்பா?

குட்டீஸ்... உங்களுக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டா? யாரோ ஒருவர் பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, 'இது உன் கொள்ளுத் தாத்தா எழுதிய டைரி. விலை இவ்வளவு' என்று நீட்டினால் என்ன செய்வீர்கள்? தாத்தா எழுதியதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

இதே கேள்வி 1983-ஆம் ஆண்டு ஜெர்மனியில் எழுந்தது. பெரிய பெரிய படிப்பாளிகளே திணறிப் போனார்கள். ஏனென்றால், அங்கே விற்பனைக்கு வந்தது ஹிட்லரின் டைரி!

ஹிட்லர் யார் என்று உங்கள் சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஜெர்மனியை ஆண்ட சர்வாதிகாரி. இரண்டாம் உலகப் போரை மூட்டியவர். அவருடைய ஆட்சியில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1945 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். அதற்கு 38 ஆண்டுகள் கழித்து, அவர் கைப்பட எழுதிய சுமார் 60 நோட்டுகள் கிடைத்துவிட்டதாக 'ஸ்டெர்ன்' என்ற ஜெர்மன் வார இதழ் அறிவித்தது. அதற்காக அது கொடுத்த பணம் ஏறத்தாழ 93 லட்சம் மார்க்! (மார்க் என்பது அப்போதைய ஜெர்மன் நாணயம்.)

இத்தனை நாள் அந்த நோட்டுகள் எங்கே இருந்தனவாம்? அதற்கும் ஒரு கதை இருந்தது. போர் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரல் 21 அன்று, பெர்லினிலிருந்து பெட்டிகளோடு புறப்பட்ட விமானம் ஒன்று ட்ரெஸ்டன் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் விழுந்து நொறுங்கியது. அந்தப் பெட்டிகளில்தான் டைரிகள் இருந்தன. ஊர்க்காரர்கள் எடுத்து ஒளித்து வைத்திருந்தார்கள் என்றார்கள். இதில் விமானம் விழுந்தது சத்தியமான உண்மை. டைரி இருந்தது என்பது மட்டும்தான் கற்பனை! கெட்டிக்காரப் பொய் எப்போதும் ஓர் உண்மையின் தோளில் ஏறித்தான் வரும் குட்டீஸ்.

ஸ்டெர்ன் இதழ் ஒன்றும் சோதிக்காமல் வாங்கிவிடவில்லை. கையெழுத்து நிபுணர்களிடம் சில பக்கங்களைக் காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்க, ஹிட்லர் எழுதியவை என்று வேறு சில தாள்களையும் கொடுத்தது. நிபுணர்கள் உற்று உற்றுப் பார்த்து, 'இரண்டும் ஒரே கைதான்' என்றார்கள். அது சரிதான்! ஏனென்றால், ஒப்பிடக் கொடுத்த தாள்களிலும் பல, அதே போலி ஆசாமி எழுதியவை. எடைக்கல்லே பொய்க்கல் என்றால், பாவம், தராசு என்ன செய்யும்?

அடுத்து, ஹியூ ட்ரெவர்-ரோப்பர் என்ற ஆங்கிலேயப் பேராசிரியரை அழைத்தார்கள். ஹிட்லரின் கடைசி நாட்களைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதியவர். சுவிட்சர்லாந்தில் ஒரு வங்கியின் பெட்டகத்தில் நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் குவியலைப் பார்த்ததும், 'இத்தனை நோட்டுகளையா ஒருவன் பொய்யாக எழுதுவான்?' என்று அவர் நம்பிவிட்டார். லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் 'நிஜம்தான்' என்று கட்டுரையும் எழுதினார். இரண்டே நாளில் அவருக்குச் சந்தேகம் தட்டியது. ஏப்ரல் 25 அன்று ஹாம்பர்க் நகரில், உலகப் பத்திரிகையாளர்கள் கூடியிருந்த கூட்டத்திலேயே அதை வெளிப்படையாகச் சொன்னார். அவமானம் என்று பார்க்காமல் சபையில் சொன்னாரே, அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

கடைசியில் சில நோட்டுகள் ஜெர்மன் அரசின் ஆவணக் காப்பகத்துக்கும் விஞ்ஞானிகளுக்கும் போயின. அவர்கள் கையெழுத்தை நம்பி இருக்கவில்லை. காகிதத்திடம் கேட்டார்கள்!

வங்கியில் கள்ள நோட்டுக் கண்டுபிடிக்க ஓர் ஊதா விளக்கு வைத்திருப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? அதுபோன்ற புற ஊதா விளக்கின் கீழே டைரியின் தாள்களை வைத்தார்கள். தாள்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. காகிதம் வெள்ளை வெளேர் என்று தெரிவதற்காகச் சேர்க்கும் ஒரு ரசாயனம்தான் காரணம். சலவைத் தூளில்கூட அந்த வகை ரசாயனம் உண்டு. ஆனால், காகிதத்தில் அதைச் சேர்க்கத் தொடங்கியதே போருக்குப் பிறகுதான். அதாவது, ஹிட்லர் இறந்த பின் செய்த காகிதத்தில் ஹிட்லர் டைரி எழுதியிருக்கிறார்!

நோட்டில் இருந்த நூலையும் பிரித்துப் பார்த்தார்கள். அதில் பாலியெஸ்டர் இழை இருந்தது. அந்த இழை கடைக்கு வந்ததும் போருக்குப் பிறகே. மையைச் சோதித்தார்கள். எழுதி இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த துப்பு வேறொன்று. வகுப்பில் இருவர் ஒரே கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் ஆசிரியர் ஒன்றும் நினைக்க மாட்டார். இருவரும் ஒரே தப்பை, அதே இடத்தில் செய்திருந்தால்? 'யார் யாரைப் பார்த்து எழுதியது?' என்று காதைப் பிடிப்பார், இல்லையா? இங்கேயும் அதுதான் நடந்தது. ஹிட்லரின் பேச்சுகளை நாள்வாரியாகத் தொகுத்து, மாக்ஸ் டோமாரஸ் என்பவர் போருக்குப் பிறகு வெளியிட்ட புத்தகம் ஒன்று உண்டு. அதில் ஒரு பிழை இருந்தது. எப் என்ற தளபதி படையில் சேர்ந்து 50 ஆண்டு நிறைந்ததற்கு, 1937-இல் ஹிட்லர் வாழ்த்துத் தந்தி அனுப்பினார். புத்தகத்தில் அது தலைகீழாகி, எப்தான் ஹிட்லரை வாழ்த்தியதாக அச்சாகிவிட்டது. டைரியிலும் அப்படியே! ஹிட்லர் பிறந்தது 1889-இல். 1937-இல் அவருக்கு என்ன வயது? கழித்துப் பாருங்கள். 48 வயதுக்காரர் 50 ஆண்டுகள் படையில் இருந்தாராம்!

1983 மே 6 அன்று 'எல்லாம் போலி' என்று அரசு அறிவித்தது. எழுதியவர் கோன்ராட் குயாவ் என்ற ஜெர்மானியர். மலிவான நோட்டுகளை வாங்கி எழுதி, பழசாகத் தெரிவதற்காகத் தேநீரை ஊற்றியிருக்கிறார். அட்டையில் ஒட்டிய எழுத்தில்கூடக் கோட்டை விட்டார். அடால்ஃப் ஹிட்லருக்கு 'ஏ, ஹெச்' என்று இருக்க வேண்டும். பழைய ஜெர்மன் எழுத்தில் 'ஏ'யும் 'எஃப்'பும் பார்க்கக் கொஞ்சம் ஒன்றுபோல இருக்கும். அதனால் 'எஃப், ஹெச்' என்று ஒட்டிவிட்டார்! 93 லட்சம் கொடுத்தவர்கள் கண்ணில் அது படவில்லை. ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்ற பயத்தில், கேட்க வேண்டியவர்களிடம் கேட்காமலே இருந்துவிட்டார்கள். ஸ்டெர்ன் இதழின் ஆசிரியர்கள் இருவர் பதவி விலகினார்கள். குயாவும், டைரிகளை வாங்கி வந்த ஸ்டெர்ன் நிருபர் கெர்ட் ஹைடமனும் 1985-இல் நான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றார்கள்.

'யாரோ எழுதிய நோட்டு, பணம் போனது, அவ்வளவுதானே?' என்கிறீர்களா? அவ்வளவு மட்டும் இல்லை. அந்த டைரியில் வரும் ஹிட்லர், யூதர்களைக் கொன்றதே தெரியாத அப்பாவி போலப் பேசுகிறார். விளக்கின் கீழே தாள் ஒளிராமல் இருந்திருந்தால், அந்தப் பொய் பாடப் புத்தகம் வரைக்கும் போயிருக்கும். 60 லட்சம் பேரின் சாவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கே தவறான பதில் எழுதப்பட்டிருக்கும்.

சிறையிலிருந்து வந்த குயாவ், பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்த்து வரைந்து, 'இது என் போலி' என்று தன் கையெழுத்தையும் போட்டே விற்றார். 2000-இல் காலமானார். நோட்டுகள்? பல காலம் ஸ்டெர்ன் வசம் பூட்டிக் கிடந்தன. அவற்றைப் போலி என்று கண்டுபிடித்த அதே அரசு ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கப்போவதாக, 2023-இல் அதன் உரிமையாளர்கள் அறிவித்தார்கள்.